ஆற்று மணலின் வயது: குவார்ட்ஸா, ஃபெல்ட்ஸ்பாரா, கரித்துண்டா?

ஆற்றங்கரை வெட்டுமுகம் ஒன்றில் நான்கு மீட்டர் மணல் அடுக்கடுக்காகத் தெரிகிறது. அது எப்போது படிந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்கு ஐந்தாறு மாதிரிதான் தாங்கும். எந்த முறைக்கு அனுப்புவது?

குவார்ட்ஸ் ஓஎஸ்எல், அதாவது குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் மேல் ஒளி பாய்ச்சி வெளிவரும் ஒளிர்வை அளப்பது, என்று யாரும் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் குவார்ட்ஸிலேயே பல வழிகள் உண்டு. ஒரு தட்டில் ஆயிரம் மணல் மணியைப் பரப்பி அளப்பதும், ஒவ்வொரு மணியாக லேசர் அடித்து அளப்பதும் ஒரே மண்ணுக்கு வேறு வேறு வயது தரலாம். அதனால் முறையின் பெயரை முடிவு செய்வதற்கு முன் இரண்டு கேள்விக்குத் தோராயமாகவாவது பதில் வேண்டும். மண் எத்தனை ஆயிரம் ஆண்டுப் பழையதாக இருக்கக்கூடும்? படிவதற்கு முன் அந்த மணிகளுக்கு எவ்வளவு வெயில் பட்டிருக்கும்? காற்று கொண்டுவந்த தேரி மணலுக்கு இரண்டாவது கேள்வி பெரிதல்ல. ஆற்று மணலில் தகராறே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடிப்படை எளிது. மண்ணில் உள்ள பொட்டாசியம், தோரியம், யுரேனியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு, குவார்ட்ஸ் படிகத்தின் குறைகளில் எலக்ட்ரான்களைச் சிக்க வைக்கிறது. வெயில் பட்டால் அவை விடுபட்டு, கணக்கு பூஜ்யமாகும். மணி புதைந்ததும் கணக்கு மறுபடி ஏறத் தொடங்கும். ஆய்வகத்தில் நீல ஒளியைப் பாய்ச்சினால் சிக்கியிருந்தவை விடுபட, புற ஊதா ஒளி வெளிவரும். அதை வைத்து மணி வாங்கிய மொத்தக் கதிர்வீச்சை, அதாவது டோஸை, கிரே என்ற அலகில் அளக்கிறோம். அதை, அந்த இடத்தில் ஆயிரம் ஆண்டுக்குக் கிடைக்கும் டோஸால் வகுத்தால் வயது. ஒளியால் வண்டலின் வயதைக் காணலாம் என்று ஹன்ட்லி குழு காட்டியது 1985-ல். இன்று ஏறக்குறைய எல்லா ஆய்வகமும் பின்பற்றும் அளவீட்டு வரிசையை மர்ரேவும் வின்டிலும் 2000-ல் வகுத்தார்கள். அதன் சுருக்கப் பெயர் சார் (SAR). ஒரே தட்டிலேயே இயற்கை ஒளிர்வையும் செயற்கை டோஸ்களையும் அளந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சோதனை டோஸால் உணர்திறன் மாற்றத்தைச் சரிசெய்யும் முறை அது.

வெயில் போதாத மணல்

நேரடி வெயிலில் குவார்ட்ஸின் வேகமான ஒளிர்வு பத்து விநாடியில் நூற்றில் ஒன்றாகக் குறையும். மணலில் உள்ள இன்னொரு கனிமமான ஃபெல்ட்ஸ்பாருக்கு அதே அளவு குறைய ஒன்பது நிமிடம் ஆகும். ஆற்று மணலுக்குக் குவார்ட்ஸே முதல் தேர்வாக இருப்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

பத்து விநாடிதானே என்று எண்ணிவிடக் கூடாது. வெள்ளக்காலக் கலங்கல் நீரில் நீலமும் புற ஊதாவும்தான் முதலில் தடுக்கப்படும். எலக்ட்ரானை விடுவிக்கும் திறன் மிகுந்த ஒளியும் அதுதான். இரவு வெள்ளத்தில் கரை இடிந்து, ஈரக் கட்டியாகவே உருண்டு, இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புதைந்த மணல் வெளிச்சத்தையே பார்த்திருக்காது. அதன் பக்கத்திலேயே மூன்று கோடை மணல்திட்டில் காய்ந்த மணியும் கிடக்கும். மாதிரி எடுக்கும்போது இரண்டும் ஒரே குழாயில் வரும்.

இது எவ்வளவு கெடுக்கும்? படியும்போதே ஒரு மணியிடம் 2 கிரே மிச்சம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இடத்தின் டோஸ் வீதம் ஆயிரம் ஆண்டுக்கு 3 கிரே. அப்படியானால் 670 ஆண்டு கூடுதலாகக் காட்டும். 40,000 ஆண்டுப் பழைய மண்ணில் அது பிழை எல்லைக்குள் கரைந்துவிடும். 300 ஆண்டுக்கு முந்தைய வெள்ளத்தைத் தேடுகிறவருக்கு அது ஆயிரம் ஆண்டாகிவிடும். எனவே முழுமையாக வெளுக்காத, அதாவது வெயிலில் கணக்கு பூஜ்யமாகாத, மணல் என்பது இளம் மண்ணுக்குத்தான் பெரிய நோய்.

கரித்துண்டு கிடைத்தால்?

நல்ல கரித்துண்டு கிடைத்தால் கார்பன்-14 மலிவு, விரைவு, துல்லியம். கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் ஏஎம்எஸ் கருவிக்குச் சில மில்லிகிராம் கார்பன் போதும். மேல் எல்லை ஏறத்தாழ 50,000 ஆண்டு. ஆனால் கரி சொல்வது மரம் வளர்ந்த காலத்தை; மணல் படிந்த காலத்தை அல்ல. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி கி.மு. 580 என்று வந்தபோது அந்த வேறுபாடு பெரிதாகவில்லை. தேடியது மனிதர் வாழ்ந்த அடுக்கைத்தான். ஆற்று மணலுக்குள் மிதந்து வந்து சிக்கிய கரித்துண்டு அப்படியல்ல. மேல்நிலத்தில் சில நூறு ஆண்டு கிடந்து, அடித்து வரப்பட்டதாக இருக்கலாம். கட்டையை விடச் சிறு சுள்ளியும் விதையும் நம்பகமானவை. நன்னீர் நத்தை ஓடு வேண்டாம். சுண்ணாம்புப் பாறையிலிருந்து கரைந்த பழைய கார்பனை அது ஓட்டில் கட்டிக்கொள்ளும்.

இன்னொரு பொறி உண்டு. 1650-க்கும் 1950-க்கும் இடையில் கார்பன் அளவீட்டை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் அளவுத்திருத்த வளைவு ஏறி இறங்கி வளைவதால் ஒரே அளவீட்டுக்கு மூன்று நான்கு காலங்கள் பொருந்தும். கடந்த முந்நூறு ஆண்டு வெள்ளங்களுக்குக் கார்பனை விடத் தனிமணிக் குவார்ட்ஸ் மேல். மணி பிரகாசமாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

கடந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுச் சேற்றுக்கு ஈயம்-210 உண்டு. அதன் அரைவாழ்வு சுமார் 22 ஆண்டு. அது களிமண்ணில் ஒட்டும், மணலில் ஒட்டாது. மணல் அடுக்கை வைத்துக்கொண்டு அதைக் கேட்பதில் பயனில்லை.

பெரிய தட்டு, சிறிய தட்டு, தனிமணி

குவார்ட்ஸ் என்று முடிவானால் அடுத்த தேர்வு இது. செலவும் நேரமும் பல மடங்கு மாறுவது இங்குதான்.

சுமார் 200 மைக்ரான் மணியை 8 மி.மீ. வட்டமாக ஒட்டினால் தட்டில் ஏறத்தாழ ஆயிரம் மணி இருக்கும். 2 மி.மீ. வட்டத்தில் அறுபது எழுபது. 1 மி.மீ. வட்டத்தில் பதினைந்து இருபது. பெரிய தட்டில் வெளுத்த மணியும் வெளுக்காத மணியும் சேர்ந்து சராசரியாகிவிடும். இருபத்து நான்கு தட்டும் அழகாக ஒரே எண்ணைத் தரும். அந்த ஒற்றுமையைப் பார்த்து மாதிரி நன்றாக வெளுத்திருக்கிறது என்று நினைப்பதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. ஆயிரம் மணியின் சராசரி எங்கும் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்றாக இருப்பதாலேயே அது சரியாகிவிடாது.

சிறிய தட்டு ஒரு நல்ல சமரசம். பெரும்பாலான வண்டலில் நூறு மணியில் ஐந்தாறுதான் ஒளியின் பெரும்பங்கைத் தருகின்றன. அப்படிப்பட்ட மண்ணில் 2 மி.மீ. தட்டு என்பது உண்மையில் மூன்று நான்கு மணியின் பேச்சு. 1 மி.மீ. தட்டு கிட்டத்தட்டத் தனிமணியே. பிரகாசமான மணிகள் நிறைந்த மண்ணில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சிறிய தட்டிலும் பத்துப் பதினைந்து மணி சேர்ந்து பேசும்.

தனிமணி அளவீட்டில் ஒரு தட்டுக்கு நூறு குழி; ஒவ்வொன்றும் 300 மைக்ரான் அகலம், அதே ஆழம். பச்சை லேசர் ஒவ்வொரு குழியாகப் போகும். மங்கலானவை, பரிசோதனையில் தேறாதவை எல்லாம் கழிந்து ஐம்பது நல்ல மணி கிடைக்க ஆயிரம் மணி அளக்க வேண்டிவரும். சில மண்ணில் பல ஆயிரம். கருவியின் நாட்கணக்கு அங்கேதான் போகிறது.

நேரத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். இயற்கை டோஸ் 30 கிரே. 15, 30, 45, 0, மறுபடி 15 கிரே என்று ஐந்து சுற்று. ஆறு அளவீட்டுக்கும் தலா 5 கிரே சோதனை டோஸ். மொத்தம் 135 கிரே. கருவியில் உள்ள பீட்டா கதிர்மூலப் பொருள் விநாடிக்கு 0.1 கிரே தந்தால் கதிர்வீச்சுக்கு மட்டும் 1,350 விநாடி. சூடாக்கலும் ஒளிர்வு அளவீடும் சேர்ந்தால் ஒரு தட்டுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். 48 தட்டு ஏற்றினால் இரண்டு நாள். இதுவும் முன்சூடாக்கும் வெப்பநிலையைத் தேர்ந்த பிறகுதான். 160 முதல் 300 டிகிரி வரை படிப்படியாக வைத்துப் பார்த்து, டோஸ் மாறாமல் சமமாக நிற்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும்.

எங்கள் பரிந்துரை, முதலில் ஒரே ஒரு மாதிரியைச் சிறிய தட்டில் அளப்பது. தட்டுகளுக்கு இடையிலான மிகைச்சிதறல், அதாவது அளவீட்டுப் பிழைக்கு மேற்பட்ட சிதறல், 20 விழுக்காட்டுக்குள் இருந்து, பரவலும் இரு பக்கமும் சமமாக இருந்தால் எல்லாத் தட்டுக்கும் ஒரு நடு மதிப்பைத் தரும் மைய வயதுக் கணக்கு போதும். தனிமணிக்குப் பணம் போட வேண்டாம். சிதறல் 40, 50 என்று போய், பெரிய டோஸ் பக்கம் வால் நீண்டால் தனிமணியும் குறைந்தபட்ச வயதுக் கணக்கும் தேவை. கால்பிரெய்த் குழு 1999-ல் தந்த அந்தக் கணக்கு, நன்றாக வெளுத்த மணிகளின் கூட்டத்தை அடியில் தேடுகிறது.

அதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. சிதறலுக்கு வெளுப்புக் குறைவு மட்டுமே காரணம் என்று அது எடுத்துக்கொள்கிறது. நண்டு வளை, கரையான், வேர் ஆகியவை மேலிருந்து இளம் மணிகளை இறக்கியிருந்தால், குறைந்தபட்ச வயதுக் கணக்கு அந்த வந்தேறிகளைப் பிடித்துக்கொண்டு படிந்த காலத்தை விட இளமையான வயதைத் தரும். சில மணிக்குப் பக்கத்தில் பொட்டாசியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் இருந்து கூடுதல் பீட்டா கிடைத்தாலும் சிதறல் வரும். வெட்டுமுகத்தில் படிவுக் கோடுகள் குலையாமல் இருக்கின்றனவா என்று களத்தில் எழுதிவைத்த ஒரு வரி, இந்த இடத்தில் எந்த மென்பொருளையும் விட உதவும்.

குவார்ட்ஸ் கைவிடும் இடங்கள்

முதலாவது, நிறைவு. குவார்ட்ஸில் எலக்ட்ரான் சிக்கும் பொறிகள் 150 முதல் 200 கிரேயில் நிரம்பிவிடும். டோஸ் வீதம் ஆயிரம் ஆண்டுக்கு 3 கிரே உள்ள மண்ணில் அது 50,000–65,000 ஆண்டு. 1.5 கிரே உள்ள மண்ணில் இரட்டிப்பு. ஆகவே குவார்ட்ஸ் எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்விக்கு ஆண்டில் பதில் கிடையாது, கிரேயில்தான் உண்டு. நிரம்பிய மாதிரியிலிருந்தும் ஒரு எண் வரும். அதைக் குறைந்தபட்ச வயதாக மட்டுமே சொல்லலாம்.

இரண்டாவது, மங்கல். குவார்ட்ஸ் மணி பிறக்கும்போதே ஒளிர்வதில்லை. அரிப்பு, பயணம், புதைவு, மறுபடி வெயில் என்று பல சுற்று கண்ட பிறகுதான் உணர்திறன் ஏறுகிறது. இமயத்திலிருந்து அண்மையில் உடைந்து வந்த மணல் இதனால்தான் பெரும்பாலும் ஏமாற்றும்.

இரண்டு இடத்திலும் மாற்று, பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார். அகச்சிவப்பு ஒளியால் தூண்டி, நீல ஒளியை அளப்பார்கள். பிரகாசம் அதிகம், நிறைவு எல்லையும் பல மடங்கு மேலே. மணிக்குள்ளேயே 12.5 விழுக்காடு அளவில் பொட்டாசியம் இருப்பதால் 200 மைக்ரான் மணிக்கு உள்ளிருந்தே ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.8 கிரே கிடைக்கும். வெளிச் சூழல் மாறினாலும் இந்தப் பங்கு மாறாது என்பது ஒரு வசதி.

குறை, கசிவு. சிக்கிய எலக்ட்ரான்கள் வெயில் இல்லாமலே காலப்போக்கில் நழுவும். வின்டில் இதை 1973-லேயே காட்டினார். நேரம் ஒவ்வொரு பத்து மடங்கு கூடும்போதும் 3 விழுக்காடு குறைகிறது என்று கொள்வோம். இரண்டு நாளிலிருந்து 50,000 ஆண்டுக்கு ஏழு பத்துமடங்கு. ஏறத்தாழ 21 விழுக்காடு ஒளிர்வு போயிருக்கும். திருத்தாமல் விட்டால் வயதும் அந்த அளவுக்குக் குறையும்.

இதைத் தவிர்க்க வந்தது போஸ்ட்-ஐஆர் முறை. முதலில் 50 டிகிரியில் அகச்சிவப்பு காட்டிக் கசியும் பங்கை வடித்துவிட்டு, பிறகு 225 அல்லது 290 டிகிரியில் அளப்பது. கசிவு மிகவும் குறையும். ஆனால் இந்த ஒளிர்வு வெயிலில் மெதுவாகத்தான் வெளுக்கும். நன்றாகக் காய்ந்த மணலிலும் சில கிரே மிச்சம் நிற்கும். ஆயிரம் ஆண்டு வெள்ளத்துக்கு 290 டிகிரி முறையைக் கேட்பது தவறான தேர்வு. லட்சம் ஆண்டு மண்ணுக்கு அதுதான் சரி. இளம் மண்ணுக்கு ஃபெல்ட்ஸ்பாரைத் தவிர வழியே இல்லை என்றால் 50 டிகிரி ஒளிர்வை எடுத்துக் கசிவைத் திருத்துவது மேல்.

இரண்டையும் சேர்த்து அளப்பதில் ஒரு லாபம் உண்டு. மெதுவாக வெளுக்கும் ஃபெல்ட்ஸ்பாரும் வேகமாக வெளுக்கும் குவார்ட்ஸும் ஒரே வயதைக் காட்டினால், அந்த மணல் போதிய வெயில் கண்டது என்பதற்கு அதை விட நல்ல சான்று கிடைக்காது.

இன்னும் பழைய மண் என்றால் குவார்ட்ஸை வேறு விதமாகக் கேட்க வேண்டும். அதில் காஸ்மிக் கதிர்கள் உருவாக்கிய அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டின் விகிதம், ஆழமாகப் புதைந்த பிறகு மாறிக்கொண்டே போகும். அலுமினியத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டு, பெரிலியத்துக்கு 13.9 லட்சம். சுத்தமான குவார்ட்ஸ் பத்து கிராம் கணக்கில் வேண்டும். மண் பல மீட்டர் ஆழத்தில் புதைந்திருக்க வேண்டும். மேலோட்டமான மண்ணில் புதைந்த பிறகும் உற்பத்தி தொடர்ந்து கணக்கைக் குழப்பும்.

எல்லைகள் எப்படிப் பிரிகின்றன என்று பார்க்க, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் உள்ள அதிரம்பாக்கத்தை விட நல்ல இடம் இல்லை. அங்கே அடியில் உள்ள அச்சூலியன் (கைக்கோடரிகள் கிடைக்கும் தொல் பழங்கற்கால) அடுக்குகளுக்கு 2011-ல் வெளியான ஆய்வு அலுமினியம்–பெரிலியம் முறையில் சராசரி 15.1 லட்சம் ஆண்டு தந்தது. மேலே உள்ள இடைப் பழங்கற்கால அடுக்குகளுக்கு 2018-ல் ஃபெல்ட்ஸ்பார் போஸ்ட்-ஐஆர் முறையில் 3,85,000 முதல் 1,72,000 ஆண்டு வரை கிடைத்தன. பிழை எல்லை முறையே 64,000, 41,000. சாதாரணக் குவார்ட்ஸ் ஓஎஸ்எல் அங்கே பெரும்பாலும் நிரம்பிப்போயிருக்கும் வயது இது. கார்பன் பேச்சுக்கே இடமில்லை.

சிக்கிய எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் வைத்து அளக்கும் எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு என்ற வழியும் குவார்ட்ஸுக்கு உண்டு. பழைய மண்ணுக்குப் பயன்படும். படிகத்தில் அலுமினியம் புகுந்த இடமான அலுமினிய மையம் வெயிலில் முழுதாக வெளுப்பதே இல்லை என்பதால் டைட்டானிய மையத்தையும் அளந்து ஒப்பிட்டால்தான் நம்பலாம்.

மாதிரி எடுப்பதில் கெடுவது

தேர்வு எவ்வளவு சரியானாலும் குழாயில் கோட்டை விடலாம். 5–6 செ.மீ. விட்டமும் 25–30 செ.மீ. நீளமும் உள்ள இரும்புக் குழாய் நல்லது. கடையில் கிடைக்கும் வெள்ளைப் பிவிசி வேண்டாம். அதன் சுவர் வழியே ஒளி போகும். வெட்டுமுகத்தைச் செதுக்கிப் புது மண்ணைக் காட்டி, குழாயை அடித்து இறக்கி, முழுதும் நிரம்பிய பிறகே எடுக்க வேண்டும். அரைகுறையாக நிரம்பினால் வண்டிக் குலுக்கலில் வெளிச்சம் பட்ட முனை மணல் நடுவில் கலந்துவிடும். அந்தக் குழாயை மறுபடி சரிசெய்ய வழியே இல்லை. காலி இடம் இருந்தால் கறுப்பு பிளாஸ்டிக்கைத் திணித்து இறுக்குங்கள். இரு முனையிலும் உள்ள சில செ.மீ. மணல் டோஸ் வீத அளவீட்டுக்குப் போகும். நடுப்பகுதிதான் மங்கிய சிவப்பு விளக்கின் கீழ் திறக்கப்படும்.

காமா கதிர் மண்ணில் ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவிலிருந்து வரும். எனவே சுற்றிலும் 30 செ.மீ. ஒரே மாதிரி மணல் உள்ள இடத்தைத் தேடுங்கள். மெல்லிய அடுக்குதான் வேண்டும் என்றால் களத்திலேயே காமா அளவி வைக்க வேண்டும். சரளைக்குப் பக்கத்தில் வேண்டாம். வாய்க்காலின் அடியில் மொத்தமாகக் கொட்டிய மணலை விட, மணல்திட்டின் மேற்பகுதியில் அலைவரி தெரியும் நுண்மணல் நன்றாக வெளுத்திருக்கும்.

பிறகு நீர். ஈரம் கதிரை உறிஞ்சுவதால் டோஸ் வீதம் குறையும். உலர்ந்த நிலையில் ஆயிரம் ஆண்டுக்கு பீட்டா 2.2, காமா 1.2, காஸ்மிக் 0.2 கிரே என்று கொண்டு, மணி 30 கிரே வாங்கியிருக்கிறது என்றால், 5 விழுக்காடு ஈரத்துக்கு வயது 8,800 ஆண்டு. 20 விழுக்காட்டுக்கு 10,200. மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்து, நிலத்தடி நீர் இறங்கிய இடத்தில் இன்று எடுக்கும் மாதிரி உலர்ந்திருக்கும். அந்த ஈரத்தையே பத்தாயிரம் ஆண்டுக்கும் போடுவதுதான் தமிழக ஆறுகளில் எளிதாக நேரக்கூடிய தவறு. மணலை நீரில் முழுதும் ஊறவைத்து நிறைவு ஈரத்தையும் அளந்து, அடுக்கு எத்தனை காலம் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்திருக்கும் என்று முடிவு செய்து, இரண்டுக்கும் இடையில் ஒரு மதிப்பையும் தாராளமான பிழை எல்லையையும் கொடுங்கள்.

யுரேனியம் சிதைந்து பிறக்கும் சேய்த் தனிமங்கள் நிலத்தடி நீரில் கழுவப்பட்டிருந்தால் தாய்த் தனிமத்தை மட்டும் அளக்கும் முறை ஏமாற்றும். ஜெர்மானியம் காமா அளவியில் மாதிரியை மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடிவைத்து அளப்பது நல்லது.

ஆய்வகச் சுத்திகரிப்பு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். 10 விழுக்காடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பு போகும், ஹைட்ரஜன் பெராக்சைடில் கரிமப் பொருள் போகும், பிறகு 180–212 மைக்ரான் சல்லடை, 2.62-க்கும் 2.70-க்கும் இடைப்பட்ட அடர்த்தியில் குவார்ட்ஸ். கடைசியில் 40 விழுக்காடு ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் 40 முதல் 80 நிமிடம். அந்த அமிலம் ஆல்பா கதிர் பட்ட மேல்தோலை உரித்து, மிஞ்சிய ஃபெல்ட்ஸ்பாரையும் கரைக்கும். தோலில் பட்டால் வலி தாமதமாகத்தான் தெரியும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல் அதைத் திறக்கவே கூடாது. அறிக்கை வந்ததும் அகச்சிவப்புச் சோதனையில் ஃபெல்ட்ஸ்பார் தெரிந்ததா, மறுசுற்று விகிதம் (ஒரே டோஸை இரு முறை கொடுத்து அளந்ததன் விகிதம்) 0.9–1.1-க்குள் இருக்கிறதா, பூஜ்ய டோஸில் திரும்பும் ஒளிர்வு 5 விழுக்காட்டுக்குக் கீழா, கொடுத்த டோஸ் திரும்பக் கிடைத்ததா என்று நான்கையும் கேளுங்கள். எந்த ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கார்பன் வயது 1950-லிருந்து எண்ணுவது. ஓஎஸ்எல் பெரும்பாலும் அளந்த ஆண்டிலிருந்து. முந்நூறு ஆண்டு மண்ணில் எழுபத்தைந்து ஆண்டு வேறுபாடு சின்னதல்ல.

ஆறு மாதிரியை எப்படிப் பிரிப்பது

சில ஆயிரம் ஆண்டு வயது இருக்கலாம் என்று தோன்றும் காவிரி, வைகை, பாலாற்று வெட்டுமுகம் என்றால்: அடியிலும் உச்சியிலும் ஒவ்வொரு குவார்ட்ஸ் மாதிரி, நடுவில் இரண்டு. நடுவில் ஒன்றுக்கு மட்டும் ஃபெல்ட்ஸ்பாரையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். சுள்ளியோ விதையோ கிடைத்தால் அதே அடுக்கிலிருந்து ஒரு கார்பன். 50,000 ஆண்டுக்கு மேல் இருக்கும் என்று மண்ணின் நிறமும் கங்கர் எனும் சுண்ணாம்பு முடிச்சுகளும் சந்தேகம் கிளப்பினால், முதல் மாதிரியின் டோஸ் 150 கிரேயைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் வரை மற்றவற்றைக் குவார்ட்ஸுக்கு அனுப்பாமல் வைத்திருங்கள். தாண்டினால் எல்லாம் ஃபெல்ட்ஸ்பாருக்கு.

ஆறாவது குழாயை வெட்டுமுகத்தில் அடிக்க வேண்டாம். இன்றைய ஆற்றின் மணல்திட்டில், கடைசி வெள்ளம் விட்டுச்சென்ற மணலில் எடுங்கள். அதன் வயது பூஜ்யமாக வர வேண்டும். அரை கிரே வந்தால், அந்த ஆறு தன் மணலை எவ்வளவு வெளுக்காமல் புதைக்கிறது என்பது தெரிந்துவிடும். மற்ற ஒளிர்வு வயதுகளையும் அந்த அரை கிரேயை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.